மேஜரும் மைனரும்: சாதன எண்ணை எந்தக் கெர்னல் எப்படி வைத்திருக்கிறது?

பல வருடங்களுக்கு முன் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். பலர் சேர்ந்து பயன்படுத்தும் ஒரு லினக்ஸ் சர்வரில் யார், எந்த டெர்மினலில், என்ன ஓட்டுகிறார்கள் என்று காட்டுவதுதான் அதன் வேலை. ஒவ்வொரு புராசஸுக்கும் 'புரோக்' அடைவில் 'ஸ்டாட்' என்றொரு கோப்பு இருக்கிறது. அதில் டெர்மினலின் சாதன எண்ணும் ஒரு ஓரத்தில் வரும். என் டெர்மினல் பிடிஎஸ்/0, அதாவது செஷன் திறக்கும்போது கிடைக்கும் மெய்நிகர் டெர்மினல்களில் முதலாவது; அதற்கு வந்த எண் 34816. கடைசி பைட்டை எடுத்தால் 0, அதற்கு முந்தைய பைட் 136. ஆக மேஜர் (எந்த டிரைவர்) 136, மைனர் (அதன் கீழ் எந்தச் சாதனம்) 0. கணக்கு சரியாக வந்ததால் அப்படியே விட்டுவிட்டேன்.

ஒரு நாள் அந்த சர்வரில் முந்நூறு செஷனுக்கு மேல் திறந்திருந்தது. யாரோ ஓட்டிய வேலை என் டெர்மினலில் ஓடுவதாக ஸ்கிரிப்ட் சொன்னது. தேடிப் பார்த்தால் அந்த ஆள் இருந்தது பிடிஎஸ்/256. அதன் எண் 1083392. கடைசி பைட் 0, முந்தைய பைட் 136. என் ஸ்கிரிப்டின் கண்ணுக்கு அவரும் நானும் ஒருவரேதான்.

மைனரின் மிச்ச பிட்டுகள் எங்கே போயின? 20ஆவது பிட்டுக்கு மேலே போய் உட்கார்ந்திருந்தன. ஏன் அங்கே என்று தேடப் போனதில் கிடைத்ததுதான் இந்த ஒப்பீடு. சாதன எண் என்பது இரண்டு சின்ன எண்களின் ஜோடி: எந்த டிரைவர் என்பதற்கு மேஜர், அந்த டிரைவரின் கீழ் எந்தச் சாதனம் என்பதற்கு மைனர். அந்த ஜோடியை இயங்குதளத்தின் மையமான கெர்னல் தன் நினைவகத்தில் ஒரு விதமாக வைக்கிறது, சிஸ்டம் கால் வழியாகப் புரோகிராம்களுக்கு வெளியே தரும்போது இன்னொரு விதமாகத் தருகிறது, டிஸ்க்கில் எழுதும்போது மூன்றாவது விதமாக எழுதுகிறது. கெர்னல்களை ஒப்பிடும் பலர் 'யாரிடம் எத்தனை பிட்' என்று மட்டும் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால் அதைவிட முக்கியம், இந்த மூன்றும் வேறு என்று எந்தக் கெர்னல் ஒப்புக்கொள்கிறது என்பதுதான்.

பழைய 8:8

1975இல் வந்த ஆறாம் பதிப்பு யூனிக்ஸில் இந்தக் கேள்வியே கிடையாது. பிடிபி-11 எந்திரத்தின் ஒரு சொல் 16 பிட். மைனருக்கு ஒரு பைட், மேஜருக்கு ஒரு பைட், முடிந்தது கதை (8:8 என்றால் மேஜருக்கு 8 பிட், மைனருக்கு 8 பிட்). டிஸ்க்கில் சாதனக் கோப்புக்கு டேட்டா பிளாக் கிடையாது என்பதால், ஐநோடில் (ஒரு கோப்பின் விவரங்களை வைத்திருக்கும் பதிவில்) முதல் பிளாக்கின் முகவரி இருக்க வேண்டிய இடத்திலேயே அந்த 16 பிட்டை எழுதிவிட்டார்கள். நினைவகம், சிஸ்டம் கால், டிஸ்க் மூன்றிலும் ஒரே எண். அழகான ஏற்பாடுதான். பின்னால் வந்த தலைவலி எல்லாம் இந்த அழகிலிருந்து பிறந்தவை.

256 மைனர் எவ்வளவு சீக்கிரம் தீரும் என்பதற்கு லினக்ஸின் ஸ்கஸி டிஸ்க்கைப் பார்க்கலாம். ஒரு டிஸ்க்குக்கு 16 மைனர்: முழு டிஸ்க்குக்கு ஒன்று, பார்ட்டிஷன்களுக்கு 15. அப்படியானால் ஒரு மேஜருக்கு 16 டிஸ்க்தான். அதனால்தான் மேஜர் 8 போதாமல் 65 முதல் 71 வரை, பிறகு 128 முதல் 135 வரை என்று அதே டிரைவருக்கு மொத்தம் 16 மேஜர் ஒதுக்கினார்கள். மேஜர் என்றால் டிரைவர் என்ற வரையறை அங்கேயே உடைந்துபோனது.

32 பிட்டை எங்கே வெட்டுவது?

எண்ணை 32 பிட்டாக்க வேண்டும் என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. எங்கே வெட்டுவது என்பதில்தான் ஆளுக்கொரு வழி. இரண்டு சாதனங்களை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு முறையிலும் என்ன எண் வருகிறது என்று போட்டுப் பார்த்தேன். ஒன்று 8:17 (மேஜர் 8, மைனர் 17), அதாவது இரண்டாவது ஸ்கஸி டிஸ்க்கின் முதல் பார்ட்டிஷன். இன்னொன்று 259:300. 259 என்பது லினக்ஸில் என்விஎம்இ டிஸ்க்குகள் வந்து சேரும் மேஜர்.

| முறை | 8:17 | 259:300 |
|---|---|---|
| பழைய யூனிக்ஸ், 8:8 | 2065 | இடமில்லை |
| சிஸ்டம் ஃபைவ் 4ஆம் வெளியீடு, 14:18 | 2097169 | 67895596 |
| மேக்ஓஎஸ், 8:24 | 134217745 | இடமில்லை |
| லினக்ஸ் கெர்னலுக்குள், 12:20 | 8388625 | 271581484 |
| லினக்ஸ் வெளியே தருவது | 2065 | 1114924 |

கவனிக்க வேண்டியது முதல் வரிசையும் கடைசி வரிசையும். 8:17க்கு இரண்டிலும் 2065. சிஸ்டம் ஃபைவும் மேக்ஓஎஸும் மேஜரை மேலே, மைனரைக் கீழே என்று ஒரே வெட்டாக வெட்டின. படிக்க எளிது, ஆனால் பழைய எண்ணோடு எந்தத் தொடர்பும் இல்லை. லினக்ஸ் வெளியே தரும் எண்ணோ பழைய வீட்டை இடிக்காமல் மேலே மாடி கட்டியது: கீழ் 8 பிட் மைனர், அடுத்த 12 பிட் மேஜர், அதற்கும் மேலே மைனரின் மிச்ச 12 பிட். மேஜரும் மைனரும் 256க்குள் இருக்கும்வரை எண் பழையதேதான். நெட்பிஎஸ்டியும் இதே வடிவத்தைத்தான் வைத்திருக்கிறது. என் ஸ்கிரிப்ட் பல வருடம் சரியாக ஓடியதற்கும், ஒரு நாள் சத்தமில்லாமல் பொய் சொன்னதற்கும் காரணம் இந்த மாடிதான்.

4.4பிஎஸ்டி செய்தது இன்னும் வேடிக்கை. மேஜருக்கு நடுவில் இருந்த 8 பிட்டை அப்படியே விட்டுவிட்டு, மிச்சம் 24 பிட்டையும் மைனர் என்றது. ஆனால் மைனரை எடுக்கும்போது நடுவில் விழும் ஓட்டையை மூடவில்லை, மேஜரை மட்டும் சுழியமாக்கிவிட்டு அப்படியே தந்தது. விளைவு, 255க்கு அடுத்த மைனர் 65536! இந்த மரபைச் சுமந்த ஃப்ரீபிஎஸ்டியில், யூனிட் எண்ணை மைனராகவும் மைனரை யூனிட் எண்ணாகவும் மாற்றித் தர என்றே மேக்ரோக்கள் இருந்தன. ஓப்பன்பிஎஸ்டி மேல் துண்டை 8 பிட் கீழே இறக்கி அந்த ஓட்டையை அடைத்துவிட்டது. ஒரே மூதாதையின் பிள்ளைகள், ஒரே பிட் வடிவம், மைனர் மட்டும் வேறு வேறு.

லினக்ஸ்: ஒரே எண்ணுக்கு மூன்று சட்டை

2003 டிசம்பரில் வந்த 2.6இல்தான் லினக்ஸ் 32 பிட்டுக்கு மாறியது. கெர்னலுக்குள் மேஜர் மேலே 12 பிட், மைனர் கீழே 20 பிட் என்று நேரான வெட்டு. ஒரு ஷிஃப்ட், ஒரு மாஸ்க், வேலை முடிந்தது. வெளியே போகும்போது இரண்டு வழி. பழைய 16 பிட் சட்டை ஒன்று, மேலே சொன்ன மாடி வீட்டுச் சட்டை ஒன்று. ஒவ்வொரு எல்லையிலும் மாற்றித் தர ஒரு ஃபங்ஷன். எண் பழைய சட்டைக்குள் நுழையுமா என்று பார்க்கத் தனியாக இன்னொன்று.

முதலில் பார்த்தபோது இது தேவையில்லாத சிக்கலாகத்தான் எனக்குப் பட்டது. ஆனால் இந்தச் சோதனை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று 259:300ஐ வைத்துப் பாருங்கள். அதன் வெளி எண் 1114924. அதைப் பழைய புரோகிராம் ஒன்று 16 பிட்டுக்குள் திணித்தால் மிஞ்சுவது 812, அதாவது 3:44. மேஜர் 3 என்பது லினக்ஸின் முதல் ஐடிஇ டிஸ்க். கேட்டது ஒரு டிஸ்க், கிடைப்பது முற்றிலும் வேறொரு டிஸ்க்கின் பார்ட்டிஷன். அதுவும் செல்லுபடியாகும் எண்ணாகவே இருக்கிறது. அதனால்தான் பழைய ஸ்டாட் சிஸ்டம் கால், எண் 16 பிட்டுக்குள் அடங்காவிட்டால் வெட்டித் தராமல் 'ஓவர்ஃப்ளோ' பிழையைத் திருப்புகிறது. தவறான பதிலைவிடப் பிழைச் செய்தி ஆயிரம் மடங்கு நல்லது.

எல்லா இடத்திலும் லினக்ஸ் இப்படி உஷாராக இருக்கிறதா என்றால், இல்லை. முடிந்த புராசஸ்களைக் குறித்து வைக்கும் 'புராசஸ் அக்கவுன்டிங்' பதிவில் டெர்மினலுக்கு இன்னும் 16 பிட்தான். அங்கே சோதனை இல்லாமல் மேஜரை 8 பிட் நகர்த்தி மைனரோடு 'ஆர்' செய்கிறார்கள். பிடிஎஸ்/256, அதாவது 136:256, அப்படிச் செய்தால் 137:0 ஆகிறது. தப்புதானே? ஆனால் 2.4 காலத்தில் டெர்மினல்களுக்கு 136 முதல் 143 வரை எட்டு மேஜர் இருந்தன. அன்றைக்கு பிடிஎஸ்/256இன் உண்மையான எண்ணே 137:0தான்! 136இன் கடைசி மூன்று பிட்டும் சுழியமாக இருப்பதால் 2047 வரை இந்தத் தவறு பழைய சரியான விடையைத் தருகிறது. 2048இல் போய் பிடிஎஸ்/0ஓடு மோதும். திட்டமிட்டுச் செய்ததா, தற்செயலா, எப்படியோ தப்பித்துக்கொண்டிருக்கிறது.

இன்னொன்று. 12 பிட் மேஜர் என்றால் 4096 இடம் இருக்க வேண்டும் அல்லவா? கெர்னலின் கோடு 511க்கு மேல் யாருக்கும் தருவதில்லை. கேரக்டர் சாதனங்களுக்குத் தானாக ஒதுக்கும்போது 254இலிருந்து 234 வரை இறங்கி வருகிறது, அது தீர்ந்தால் 511இலிருந்து 384 வரை. வடிவத்தில் இருக்கும் இடமும் கொள்கையில் தரும் இடமும் ஒன்றல்ல.

சி மொழி நூலகத்தின் பக்கம் வந்தால் இன்னொரு மாடி. ஜிலிப்சி என்ற அந்த நூலகம் தரும் சாதன எண் 64 பிட். மேஜர் 32, மைனர் 32. கெர்னலின் 32 பிட் வடிவத்தைக் கீழே தொடாமல் வைத்துவிட்டு, கூடுதல் பிட்டுகளை மேலே தூக்கிப் போட்டிருக்கிறார்கள். இதைப் பிரிக்கும் மேக்ரோக்களின் பெயர் வெறும் 'மேஜர்', 'மைனர்' என்றே இருந்ததால், அதே பெயரில் மெம்பர் வைத்திருந்த சி++ வகுப்புகள் எல்லாம் கம்பைல் ஆகாமல் தவித்தன. 2.28இல்தான் அவற்றைப் பொது ஹெடரிலிருந்து ஒருவழியாகக் கிளப்பினார்கள்.

சோலாரிஸ்: நேர்மையான சுருக்கல்

சோலாரிஸுக்கு வந்தது வேறு பிரச்சினை: 64 பிட் கெர்னலின் மேல் 32 பிட் புரோகிராம்களும் ஓட வேண்டும். 64 பிட்டில் 32:32, 32 பிட்டில் 14:18. இரண்டுக்கும் நடுவே சுருக்க ஒரு ஃபங்ஷன், விரிக்க ஒரு ஃபங்ஷன். சுருக்கும்போது அடங்காவிட்டால் அடங்கவில்லை என்றே சொல்கிறது. லினக்ஸின் மூன்று சட்டையைவிட இது படிக்கத் தெளிவு, ஏனென்றால் இங்கே எந்தப் பிட்டும் நடுவில் துண்டாவதில்லை. மேஜர் எண்ணையும் சோலாரிஸ் உலகப் பொதுவாக வைக்கவில்லை. எந்த டிரைவருக்கு எந்த மேஜர் என்பது ஒவ்வொரு எந்திரத்திலும் ஒரு கோப்பில் எழுதியிருக்கும். லினக்ஸில் மேஜர் 1 மைனர் 3 என்றால் எங்கே போனாலும் எழுதியதெல்லாம் மறைந்துபோகும் 'நல்' சாதனம்தான். சோலாரிஸில் அந்த உத்தரவாதத்தை யாரும் எதிர்பார்க்கக் கூடாது.

ஃப்ரீபிஎஸ்டி: எண்ணுக்கு வேலையே வேண்டாம்

ஃப்ரீபிஎஸ்டி இன்னும் ஒரு படி தாண்டியது. 4.x காலத்திலேயே கெர்னலுக்குள் சாதன எண் என்ற வகை எண்ணாக இல்லை. ஒரு ஸ்ட்ரக்சரைக் காட்டும் பாயின்டர் ஆகிவிட்டது. அதே பெயர் வெளியே எண், உள்ளே பாயின்டர். இந்தக் குழப்பத்தைப் பிறகு தீர்த்து உள்ளே இருப்பதற்கு 'சிடெவ்' என்று தனிப் பெயர் வைத்தார்கள். 2003 ஜனவரியில் வந்த 5.0இல் டெவ்எஃப்எஸ் இயல்பான ஏற்பாடானது. டிரைவர் ஒரு பெயரைப் பதிவு செய்யும், அந்தப் பெயர் டெவ் அடைவில் தோன்றும், திறந்தால் நேரே பாயின்டர். எண் இன்னும் ஸ்டாட்டில் வரத்தான் செய்கிறது, ஆனால் அது ஒரு வரிசை டோக்கன் மாதிரி; எந்த டிரைவர் என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. சாதாரண ஃபைல்சிஸ்டத்தில் எம்கேநாட் கட்டளை போட்டு உருவாக்கும் சாதனக் கோப்பு உள்ளூரில் எதையும் திறக்காது. எவனோ கொண்டுவந்த டிஸ்க்கில் ஒளிந்திருக்கும் சாதனக் கோப்பு வழியாக உங்கள் நினைவகத்தைப் படிக்கும் வழி அதோடு அடைபட்டது. லினக்ஸில் அதே ஓட்டையை மவுன்ட் செய்யும்போது 'நோடெவ்' போட்டு நீங்கள்தான் அடைக்க வேண்டும்.

லினக்ஸும் கதவைத் தாண்டியதும் எண்ணை மறந்துவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். முதல் முறை திறக்கும்போது எண்ணை வைத்து டிரைவரைத் தேடுகிறது, பிறகு ஐநோடிலேயே பாயின்டரை மாட்டி வைத்துக்கொள்கிறது. ஆக வித்தியாசம் வேகத்தில் இல்லை. எண்ணுக்கு அர்த்தம் உண்டா இல்லையா என்பதில்தான். லினக்ஸில் அர்த்தம் உண்டு, அதன்மேல் ஆட்கள் நிறையக் கட்டிவிட்டார்கள். கன்டெய்னருக்கு எந்தச் சாதனம் அனுமதி என்று சிகுரூப்பில் எழுதும் விதி எண்ணில்தான் இருக்கிறது. ஃப்ரீபிஎஸ்டியில் கன்டெய்னர் மாதிரி இருக்கும் ஜெயிலிலோ டெவ்எஃப்எஸ் விதிகள் பெயரால் எழுதப்படுகின்றன. ஓவர்லே ஃபைல்சிஸ்டத்தில் ஒரு கோப்பை அழித்ததற்கான அடையாளமே 0:0 என்ற கேரக்டர் சாதனம்! இப்படிப் பழகிய பிறகு எண்ணை அர்த்தமற்ற டோக்கனாக்க லினக்ஸால் முடியாது.

ஃப்ரீபிஎஸ்டியின் வழிதான் கெர்னலுக்கு உகந்தது என்பது என் கட்சி. பெயரை எண்ணாக்கி, எண்ணை மறுபடி டிரைவராக்குவது வீண் சுற்று. பிளான் 9இல் அந்தச் சுற்று ஆரம்பத்திலிருந்தே இல்லை. ஒவ்வொரு கெர்னல் சாதனத்துக்கும் ஒரு ஹேஷ் குறியும் ஒரே ஒரு எழுத்தும் பெயர், அதை வேண்டிய இடத்தில் பைண்ட் செய்துகொள்ள வேண்டியதுதான். விண்டோஸ் என்டியும் பெயர்களின் மரம் ஒன்றையே வைத்திருக்கிறது. நாம் பார்க்கும் டிரைவ் எழுத்து அந்த மரத்தில் ஒரு சிம்பாலிக் லிங்க்.

டிஸ்க்கிலும் கம்பியிலும்

கெர்னலை அடுத்த வெளியீட்டில் மாற்றிவிடலாம். டிஸ்க்கில் எழுதியதை மாற்ற முடியாது. எனவே உண்மையான ஒப்பீடு இங்கேதான்.

லினக்ஸின் ஈஎக்ஸ்டி2 ஃபைல்சிஸ்டம் குடும்பம் பழைய யூனிக்ஸ் மாதிரியே பிளாக் முகவரி இடத்தைப் பயன்படுத்துகிறது. எண் 16 பிட்டுக்குள் அடங்கினால் முதல் இடத்தில் பழைய வடிவம். அடங்காவிட்டால் முதல் இடத்தில் சுழியம், இரண்டாவது இடத்தில் புது வடிவம். பழைய டிஸ்க் எதுவும் கெடவில்லை. இது ஒரு நல்ல தச்சு வேலை. மினிக்ஸ் ஃபைல்சிஸ்டம் 16 பிட்டோடு நின்றுவிட்டது, அதைத் தாண்டினால் லினக்ஸ் எம்கேநாட்டையே மறுத்துவிடும்.

எக்ஸ்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் ஐரிக்ஸ் என்ற இயங்குதளத்திலிருந்து வந்தது என்பதால் டிஸ்க்கில் 14:18. லினக்ஸின் 20 பிட் மைனர் முழுதும் அதற்குள் போகாது; 262143க்கு மேல் வழியில்லை. மேஜருக்கு 14 பிட் இருந்தாலும் ஐரிக்ஸ் அதில் மேல் ஐந்து பிட்டைப் பார்க்க விரும்பாது என்பதால், 511க்கு மேல் போகும் மேஜரை எக்ஸ்எஃப்எஸ் ஏற்பதில்லை. எப்போதோ உறங்கிவிட்ட ஒரு இயங்குதளத்தின் விருப்பு வெறுப்பு இன்றைய கோடில் ஒரு வரிச் சோதனையாக உட்கார்ந்திருக்கிறது.

நெட்வொர்க்கில் இந்தப் பாடத்தை, வேறு கணினியின் கோப்புகளைத் தரும் என்எஃப்எஸ் நெறிமுறை ஒருமுறை சூடுபட்டுக் கற்றது. 2ஆம் பதிப்பில் சாதன எண் ஒரே ஒரு 32 பிட் எண். அதை எங்கே வெட்டுவது என்று நெறிமுறையில் எதுவும் இல்லை. சர்வர் 14:18 பேச, கிளையன்ட் 8:8 கேட்டால், 8:17க்கு அனுப்பிய 2097169இன் கீழ் 16 பிட்டில் மிஞ்சுவது 0:17. 1995இல் வந்த 3ஆம் பதிப்பு மேஜருக்குத் தனியாக 32 பிட், மைனருக்குத் தனியாக 32 பிட் என்று பிரித்துவிட்டது. அத்தோடு சண்டை தீர்ந்தது.

பல கோப்புகளை ஒன்றாகக் கட்டும் ஆவண (ஆர்க்கைவ்) வடிவங்களிலும் அதே பிரிவுதான். பழைய எழுத்து வடிவ சிபிஐஓவில் சாதன எண்ணுக்கு ஆறு ஆக்டல் இலக்கம், அதாவது 18 பிட், அதுவும் ஒட்டிய எண். 1114924ஐ அதில் எழுத இடமே இல்லை. அதன் புதிய வடிவத்தில் மேஜர், மைனர் தனித்தனி, ஒவ்வொன்றுக்கும் எட்டு ஹெக்ஸ் இலக்கம். யூஸ்டார் வடிவ டாரிலும் இரண்டு களம். ஏழு ஆக்டல் இலக்கம் என்றால் 21 பிட், லினக்ஸ் மைனர் தாராளமாக உட்காரும்.

ஒட்டி எழுதும் பழக்கத்துக்கு ஒரு நினைவுச்சின்னம் வேண்டுமானால் நெட்பிஎஸ்டியின் எம்கேநாட் கட்டளையைப் பார்க்கலாம். எந்த இயங்குதளத்தின் வடிவில் எண்ணைப் பொதிய வேண்டும் என்று சொல்ல அதில் ஒரு தேர்வு இருக்கிறது: லினக்ஸ், சோலாரிஸ், சன்ஓஎஸ், அல்ட்ரிக்ஸ், எச்பி-யூஎக்ஸ், எஸ்சிஓ என்று பட்டியல் நீளும். டிஸ்க் இல்லாத வேறொரு கணினிக்கு ரூட் அடைவு தயாரிக்கும்போது இது இல்லாமல் முடியாது. அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரும் அதே ஜோடியை வேறு இடத்தில் வெட்டிய ஒருவரின் பெயர்.

இன்றைக்குப் புதிதாக ஒரு ஃபைல்சிஸ்டமோ ஆவண வடிவமோ யாராவது எழுதினால், இரண்டு 32 பிட் களம் வைக்கச் சொல்வேன். ஒரு ஐநோடுக்குக் கூடுதல் நான்கு பைட் செலவு, அதுவும் பிளாக் முகவரிகளுக்கான இடம் காலியாகக் கிடக்கும் சாதனக் கோப்பில். கெர்னலுக்குள் பாயின்டர். சிஸ்டம் காலில் பழைய புரோகிராம்களுக்காக லினக்ஸ் கட்டிய மாடி வீடு. அங்கே மட்டும் அந்த அசிங்கம் தேவை, வேறு வழியில்லை.

என் ஸ்கிரிப்டைத் திருத்த இரண்டு வரி போதுமானதாக இருந்தது. மைனருக்குக் கீழ் 8 பிட்டோடு 20 முதல் 31 வரை உள்ள பிட்டுகளையும் சேர்த்தேன், மேஜருக்கு 8 பிட்டுக்குப் பதில் 12. இப்போது அவர் பிடிஎஸ்/256, நான் பிடிஎஸ்/0.